தேனப்பன் சார் கட்டிய முடிச்சு

செய்தி வந்தபோது நான் ஆய்வகத்தில் மாணவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் முருகேசன் வாசலில் வந்து நின்றார். "மேடம், தேனப்பன் சார் திருவரங்குளம் ரோட்டுல உக்காந்துட்டாருங்க. நெஞ்சுவலியாம். ஆம்புலன்ஸ்ல ஏத்தியிருக்காங்க," என்றார். உட்கார்ந்துவிட்டார் என்றால் எழுந்துவிடுவார் என்றுதான் எனக்குப் பட்டது. சோடா ஏதாவது வாங்கிக் கொடுத்தார்களா என்று கேட்டேன். முருகேசன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகுதான், "போயிட்டாருங்க மேடம்," என்றார்.

அவர் வண்டி எதிலும் மோதவில்லை. வலி வந்ததும் ஓரமாக நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, அதன் பிறகுதான் புளியமரத்தடியில் சாய்ந்திருக்கிறார். பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அந்த வலியிலும் ஸ்கூட்டரைச் சாய விடவில்லையே, எவ்வளவு நிதானமான மனுஷன் என்று வியந்தார்கள். எனக்கு வியப்பில்லை, கோபம்தான் வந்தது. ஸ்கூட்டரின் முன்கொக்கியில் அவர் மகள் உமையாளின் சாப்பாட்டுப் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டி கவிழக் கூடாது என்பதற்காக ஸ்டாண்டு போட்டிருக்கிறார். அந்த நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்னவோ. இதை நினைக்காமல் இருக்க முயன்று பார்க்கிறேன், முடியவில்லை.

நம் பாலிடெக்னிக்கில் நடந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தார்கள். எழுந்து மைக் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். வாய் ஓயாத கலாவுக்கு வாயடைத்துப்போனதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அங்கே சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவரை மெக்கானிக்கல் துறை ஆசிரியராக மட்டும் அறிந்தவர்களும் இருக்கிறீர்கள். கேலி செய்தவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்க எனக்கு ஒரு காரியம் இருக்கிறது, அதைக் கடைசியில் கேட்கிறேன்.

திருமயம் பக்கத்துச் செட்டியார் வீட்டுப் பிள்ளை அவர். படித்து முடித்ததும் ஜப்பானில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குப் போனார். மனைவி சிவகாமியும் மகள் உமையாளும் கூடவே இருந்தார்கள். உமையாள் அங்கே ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது சிவகாமி நோயில் விழுந்து, அங்கேயே இறந்துபோனார். அதன் பிறகு அந்த ஊரில் இருக்க மனமில்லாமல் மகளைக் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்கு வந்து, கீழராஜ வீதியில் வீடு பிடித்து, நம்மோடு வேலைக்குச் சேர்ந்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நமக்கு இவ்வளவுதான் தெரியும். அந்தப் பெண் சாப்பிடுவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

சாப்பிடுவதில்லை என்றால் அடம் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்து, "ஒருநாள் பட்டினி போடுங்க சார், தானா வழிக்கு வரும்," என்றேன். நாலு பிள்ளைகள் ஒரே சட்டியைச் சுரண்டும் வல்லத்திராக்கோட்டை விவசாய வீட்டில் பிறந்தவளுக்கு வேறெப்படித் தோன்றும்? அவர் கோபப்படவில்லை. "பட்டினியத்தான் அது சாப்பிடுது மேடம்," என்றார். அன்று மாலை அவர் வீட்டுக்குப் போய் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பார்த்தேன். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. அதற்கப்புறம் நான் அறிவுரை சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

டாக்டர்கள் பேசிப் பார்த்தார்கள், மருந்து கொடுத்தார்கள். அவர் ஓட்டல் ஓட்டலாக வாங்கிக் குவித்தார். பிரியாணி, பரோட்டா, கேக் என்று எதை வைத்தாலும் அந்தப் பெண் தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒருநாள் அட்டைப்பெட்டிகளைக் குடைந்தபோது சிவகாமி அங்கே மகளுக்குத் தினமும் சாப்பாடு கட்டிக்கொடுத்த பெட்டி அவர் கையில் கிடைத்திருக்கிறது. உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரியது. உள்ளே சின்னச் சின்னத் தடுப்புகள், ஓரத்தில் எடுத்துச் சாப்பிட ஒரு ஜோடி குட்டிக் குச்சிகள். ஜப்பானில் இதற்குப் பென்டோ என்று பெயர். ஒரு ஆளுக்கு ஒருவேளைச் சோறு, கறி, ஊறுகாய் எல்லாம் அதற்குள் இடம் பிடித்து உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் அதில் இரண்டு வாய்ச் சோறும் ஒரு துண்டு முட்டையும் வைத்து மூடி மகள் முன்னால் வைத்துவிட்டு, அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டார். மூடி திறக்கும் சத்தம் கேட்டதாம்.

மறுநாள் ஆசிரியர் அறையில் அவர் அதைச் சொன்னபோது நாம் எல்லோரும் எவ்வளவு சாப்பிட்டாள் என்று கேட்டோம். "சாப்பிடலை. தொறந்துச்சு," என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "பெரிய தட்டுல ரெண்டு வாய் வச்சா மிச்சம் மாதிரி தெரியும் மேடம். சின்ன டப்பால வச்சா நெறஞ்சிருக்கும். அதப் பாத்தா அதுக்குப் பயமா இல்ல போல," என்றார். அன்றிலிருந்து அவருக்கு ஒரு வழக்கம் வந்தது. மகளிடம் சாப்பிடு என்ற சொல்லையே அவர் சொல்வதில்லை. நம்மையும் சொல்ல விடமாட்டார். "சாப்பிடுன்னு சொல்லாதீங்க. தொறன்னு மட்டும் சொல்லுங்க," என்பார்.

சமையல் என்றால் வெந்நீர் என்று நினைத்திருந்த மனுஷன் அதன் பிறகு பட்ட பாடு நம் ஆசிரியர் அறைக்கே தெரியும். ஜப்பான் சோறு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உருண்டையாக நிற்கும். நம் பொன்னி அரிசி உதிர்ந்து ஓடியது. குழைய வேகவைத்தால் கஞ்சியானது. அவர் கொண்டுவந்த உருண்டைகளை உதிராமல் வாய்க்குள் போடுவதே எங்களுக்குப் பெரிய வித்தையாக இருந்தது. கடைசியில் அவர்கள் வீடுகளில் கல்யாணத்துக்கு இனிப்பாகக் கிண்டும் கவுனி அரிசிதான் கைகொடுத்தது. அந்தக் கறுப்பு அரிசிக்குப் பசை அதிகம். பச்சரிசியோடு ஒரு கை கவுனியைச் சேர்த்து வடித்ததும் சோறு நாவல்பழ நிறத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. அங்கே சோற்றின் நடுவில் உப்பில் ஊறிய ஒரு காயைப் பதிப்பார்களாம். அந்த இடத்துக்கு அவர் உப்பு நார்த்தங்காயைப் பதித்தார்.

முட்டைதான் பெரிய ரகளையானது. முட்டையை அடித்துச் சீனி போட்டு, மெல்லிய தோசையாக ஊற்றிச் சுருட்டிச் சுருட்டி வெட்டுவார். "முட்டையில சீனியா? இதத் தின்னுட்டுத்தான் அந்தப் புள்ள வாயத் தொறக்க மாட்டேங்குது," என்று நான் கத்தியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டை என் பக்கம் தள்ளினார். ஒரு வாரத்தில் அந்த முட்டைக்காக நானே அவர் மேசைப் பக்கம் போய் நிற்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் அவசரத்தில் சுடுசோற்றை அப்படியே பெட்டியில் வைத்து மூடிவிட்டார். புதுக்கோட்டை வெயிலில் மதியத்துக்குள் சோறு ஊசிப்போய், திறந்த பிள்ளைக்குக் குமட்டிக்கொண்டு வந்து, அதற்கப்புறம் சில நாட்கள் பெட்டியையே தொடவில்லை. அவர் உடைந்துபோனார். பணிமனையில் கடைசல் இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்று அழுததை நான் பார்த்தேன். பிறகு காலையில் எவ்வளவு நேரமானாலும் சோற்றைத் தட்டில் பரப்பி, விசிறியால் விசிறி, ஆறிய பிறகுதான் பெட்டியை மூடுவார். "சூட்டோட மூடுனா சோறு அழுதுரும் மேடம்," என்பார். மூடியின் உள்பக்கம் நீர் கோத்துச் சோற்றின் மேல் சொட்டுவதை அவர் அப்படித்தான் சொல்வார்.

பெட்டியைத் துணியில் கட்டிக்கொடுப்பது அங்கே வழக்கம். அதற்காகச் சிவகாமியின் கண்டாங்கிச் சேலை ஒன்றைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருந்தார். நுனிகள் இரண்டும் முயல் காது போல நிமிர்ந்து நிற்கும்படி ஒரு முடிச்சுப் போடுவார். ஒரு நுனியை இழுத்தால் முழுவதும் அவிழ்ந்துவிடும். நானும் போட்டுப் பார்த்தேன். என் முடிச்சு நெல் மூட்டைக்குப் போடும் முடிச்சு, பல்லால்தான் அவிழ்க்க வேண்டும்.

அவர் மதிய வேளையில் பதினைந்து மைல் போக வேண்டியவர் போல அவசரமாக ஓடியது எங்கே என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் டவுனில் இருக்கும் மகளுடைய பள்ளிக்குத்தான். அவர் இல்லாமல் உமையாள் பெட்டியைத் திறக்காது. அவர் பெட்டியோடு போய் மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, "தொற," என்பார். அது முடிச்சை இழுக்கும். சில நாள் ஒரு வாய், சில நாள் மூன்று வாய். தான் எடுத்துப்போன வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுத் திரும்பி வருவார். அவருடைய மதிய வகுப்பு தாமதமாகத் தொடங்குகிறது என்று நம்மில் சிலர் முதல்வரிடம் புகார் சொன்னார்கள். யார் என்று எனக்குத் தெரியும். இப்போது அதைக் கிளறி என்ன ஆகப்போகிறது?

நல்ல நாளும் ஒன்று இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு விடுமுறையில் நாங்கள் மூவரும் சித்தன்னவாசலுக்குப் போயிருந்தோம். குன்று ஏறி இறங்கிய களைப்பில் பாறை நிழலில் உட்கார்ந்தபோது உமையாள் தானாகவே முடிச்சை இழுத்துத் திறந்து, பேச்சு சுவாரசியத்தில் பெட்டியைக் காலி செய்துவிட்டது.  அவர் தன் பெட்டியிலிருந்து ஒரு முட்டைத் துண்டை எடுத்து மகள் பெட்டியில் வைத்தார், அதுவும் போய்விட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்தத் தைரியத்தில்தான் சென்னைக்குப் போனோம். அங்கே ஜப்பான் கம்பெனிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் சரியான பென்டோ கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். அம்மா கையில் சாப்பிட்ட ருசி அங்கே திரும்பக் கிடைத்துவிட்டால் மகள் மீண்டுவிடுவாள் என்று அவருக்கு ஒரு எண்ணம். பெண்பிள்ளைக்குத் துணையாக என்னையும் வரச் சொன்னார். வெளியே கறுப்பும் உள்ளே சிவப்புமாகப் பளபளக்கும் பெட்டியில் எல்லாம் வந்தது. உமையாள் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் குச்சிகளால் எடுத்துச் சாப்பிடத் தெரியவில்லை. ஸ்பூன் கேட்கலாம் என்று, இரண்டு குச்சிகளையும் சோற்றின் நடுவில் குத்தி நிறுத்திவிட்டுத் திரும்பி ஆளைத் தேடினேன். நம் வீட்டில் ஊதுபத்தியை வாழைப்பழத்தில் குத்துகிற கை, வேறெங்கே வைக்கும்?

தேனப்பன் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் கை நீட்டுவதற்குள் உமையாள் எழுந்து வந்து, என் சோற்றிலிருந்து குச்சிகளை மெதுவாக உருவி, பக்கத்தில் படுக்க வைத்தது. "ஆன்ட்டி, அப்படி வைக்கக் கூடாது. செத்தவங்களுக்குத்தான் அப்படி வைப்பாங்க. அம்மாவுக்கு வச்சாங்க," என்றது. சிவகாமி இறந்த அன்று அந்த ஊர்ப் பக்கத்து வீட்டு அம்மாள் கிண்ணம் நிறையச் சோறு கொண்டுவந்து, குச்சிகளை அதில் நட்டு, தலைமாட்டில் வைத்தார்களாம். அது அவர்கள் முறை. அதற்குப் பிறகு அந்தப் பெண் சோற்றைப் பார்த்தபோதெல்லாம் எதைப் பார்த்தது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

அன்று உமையாள் எதையும் தொடவில்லை. பெட்டி அப்படியே திரும்பிப் போனது. ரயிலில் அந்தப் பெண் தூங்கிய பிறகு அவர், "வருத்தப்படாதீங்க மேடம். ஊருக்கு வந்ததுலேருந்து அம்மாங்கிற வார்த்தய அது சொன்னதே இல்ல. இன்னைக்குச் சொல்லிருச்சு," என்றார். அவர் மனசு அப்படி. எந்த இழப்பிலும் ஒரு துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். எனக்கு அந்த மனசு கிடையாது. 

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் அவருடைய மூக்குக்கண்ணாடியையும் ஹெல்மெட்டையும் அந்தப் பெட்டியையும் என் கையில் கொடுத்தார்கள். முயல் காது முடிச்சு கலையவில்லை. பள்ளிக்குப் போனேன். வகுப்பெல்லாம் தொடங்கிவிட்டிருந்தது. உமையாள் மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டும் வரவில்லை என்று டீச்சர் ஒருவர் சொன்னார். என்னைப் பார்த்ததும், "அப்பாவுக்கு லேட்டாகுமா ஆன்ட்டி?" என்றது. என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தது. நான் எதையுமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டது, முடிச்சைத் தொடவில்லை.

வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தபோது கூட்டத்துக்கு நடுவில் உமையாள் எழுந்து போய், பெட்டியை முடிச்சோடு ஃப்ரீசருக்குள் வைத்துவிட்டு வந்தது. கோயம்புத்தூரிலிருந்து அவருடைய அக்கா மெய்யம்மை ஆச்சி வந்து வீட்டுப் பொறுப்பை ஏற்றார்கள். நல்ல மனுஷி, ஆனால் எதையும் இழுத்துப் போட்டுச் சுத்தம் செய்பவர். "சாவு வீட்டுச் சோத்த ஃப்ரிட்ஜுல வச்சுக்கிட்டு, இது என்ன கண்றாவி?" என்று எடுக்கப் போனபோது உமையாள் ஃப்ரிட்ஜ் கதவின் மேல் சாய்ந்து நின்றுகொண்டது. "அப்பா வந்து தொறன்னு சொல்லட்டும்," என்றது. அந்தப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கும் அந்தப் பயம் வந்தது.

நான் தினமும் காலையில் வேறொரு சின்ன டப்பாவில் பென்டோ கட்டிக்கொண்டு போனேன். கவுனி, முட்டை, நார்த்தங்காய், எதையும் விடவில்லை. சோற்றை விசிறினேன். மாலையில் போனால் என் நெல் மூட்டை முடிச்சு அப்படியே இருக்கும். தொற என்று சொல்லிப் பார்த்தேன், கெஞ்சினேன். ஒருநாள் கத்தியும் பார்த்தேன். அது என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. ஆச்சி மல்லுக்கட்டி ஊட்டிய கஞ்சி இரண்டு கரண்டிதான் உள்ளே போனது. திருச்சிக்குக் கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்றினோம். இனியும் சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். வராந்தாவில் நின்றுகொண்டு நான் செத்துப்போன மனுஷனைத் திட்டினேன். ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போவாரா ஒருவர்?

நடுவில் ஒருநாள் பராமரிப்புக்காக நகரம் முழுக்க மின்சாரத்தை நிறுத்தினார்கள். காலையிலிருந்து மாலை வரைக்கும் வராது என்றார்கள். நான் வகுப்பில் இருக்கும்போது போன் வந்தது. "ஆன்ட்டி, கரண்ட் போயிருச்சு. பெட்டி கரையுது," என்று உமையாள் தேம்பியது. அப்பா இறந்தபோதுகூட அழாத பெண்.  பாதி வகுப்பில் விட்டுவிட்டு மீன் மார்க்கெட்டுக்கு ஓடினேன். "எதுக்கு டீச்சர் இம்புட்டு ஐஸு? விசேஷமா?" என்று கேட்ட மீன்காரரிடம், "ஆமாங்க, பெரிய விசேஷம். சீக்கிரம் போடுங்க," என்று எரிந்து விழுந்து, தெர்மகோல் பெட்டியில் நிரப்பிக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

கவிச்சி வாடை அடிக்கும் அந்த ஐஸுக்குள் தேனப்பன் சார் கட்டிய பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் புதைத்தோம். நானும் உமையாளும் அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். ஆச்சி தலையில் அடித்துக்கொண்டார்கள். "நீங்களும் இதுக்கு ஒடந்தையா டீச்சர்? படிச்சவங்கதானே நீங்க?" என்றார்கள்.  கரண்ட் வரும் வரைக்கும் உமையாள் ஐஸின் மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தது. விரலெல்லாம் வெளுத்துப்போயின. இந்தப் பெண்ணும் நம் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்கு அன்றுதான் உறுதியாகத் தோன்றியது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துத் தலைவாழை இலையில் படைத்தார்கள். வாழைப்பழத்தில் ஊதுபத்தி புகைந்தது. எல்லோரும் விழுந்து கும்பிடப் போகும் நேரத்தில் உமையாள் அடுக்களையிலிருந்து பெட்டியோடு வந்து, அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்தது. காலையிலேயே வெளியே எடுத்து ஜன்னல் வெயிலில் வைத்திருந்திருக்கிறது. துணி நனைந்து நீர் சொட்டியது.

"ஆத்தா, பழசப் போயிப் படைக்கலாமா? அங்கிட்டு எடுத்துட்டுப் போ," என்றார்கள் ஆச்சி. "எலையில எல்லாம் வச்சிருக்குல்ல?"

"இது அப்பா செஞ்சது," என்றது உமையாள்.

"செஞ்சவருக்கே படைக்கிறதா? ஊரு சிரிக்கும்."

நான் வாயை மூடிக்கொண்டிருக்க எவ்வளவோ முயன்றேன். முடியவில்லை. "சிரிக்கிறவங்க வெளிய போயி சிரிக்கட்டும் ஆச்சி. அந்தப் புள்ள கொண்டாந்தத யாரும் தொடாதீங்க," என்றேன். உறவுக்காரர்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆச்சி ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

உமையாள் நுனியை இழுத்தது. அவர் போட்ட முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. மூடியைத் திறந்தது. நாவல்பழ நிறத்துச் சோறு, நடுவில் நார்த்தங்காய், ஓரத்தில் மஞ்சள் மங்காத முட்டைச் சுருள். சோற்றை விரலால் தொட்டுப் பார்த்து, "இன்னும் கல்லு மாதிரி இருக்கு. கொஞ்சம் இருங்க," என்றது. அவ்வளவு பேரும் அந்தச் சோறு இளகும் வரைக்கும் நின்றோம். அய்யர் நேரமாகிறது என்றார். நான் அவரையும் ஒரு பார்வை பார்த்தேன். பிறகு அந்தப் பெண் பெட்டிக்குள் படுத்திருந்த குச்சிகள் இரண்டையும் எடுத்து, சோற்றின் நடுவில், நேராக, ஆடாமல் நட்டு வைத்தது.

ஊதுபத்தி மாதிரி ஏதோ வைக்கிறது என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அதற்குப் பொருள் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். அது திரும்பி என்னைப் பார்த்தது. உருவி எடுப்பேனோ என்று பார்த்ததா, சரியா என்று கேட்டதா, தெரியவில்லை. நான் தலையசைத்தேன். அப்போதுதான் உமையாள் அப்பா என்று கத்தி அழுதது. ஆச்சி ஓடிவந்து மடியில் போட்டுக்கொண்டார்கள். அந்த அழுகையைக் கேட்க முடியாமல் நான் தெருவில் போய் நின்றேன்.

நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். அப்படி எதுவும் நடக்கவில்லை. அன்றும் அது சாப்பிடவில்லை. இலைச் சோறு காக்கைக்கும் வந்தவர்களுக்கும் போனது. மறுநாளும் நான் பென்டோ கட்டிக்கொண்டு போனேன். ஆச்சி துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். "வெள்ளிக்கெழம கூட்டிட்டுப் போறேன் டீச்சர். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில சேத்துரலாம்னு இருக்கேன். எங்கண்ணு முன்னால இதையும் விட்டுட்டு நிக்க என்னால முடியாது," என்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உமையாளிடம் பெட்டியைக் கொடுத்து, வழக்கம்போல, "தொற," என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

மாலையில் திரும்பிப் போனேன். பெட்டி மேசையில் அப்படியே இருந்தது. கையில் எடுத்தால் கனமும் குறையவில்லை. வீட்டுக்கு வந்து அடுக்களையில் வைத்து, பல்லால் அவிழ்க்கக் குனிந்தபோதுதான் துணியைப் பார்த்தேன். நுனிகள் இரண்டும் நிமிர்ந்து நின்றன. அது என் முடிச்சில்லை.

இழுத்தேன், அவிழ்ந்தது. சோறு அப்படியே இருந்தது. நார்த்தங்காய் அப்படியே இருந்தது. முட்டைத் துண்டு ஒன்றில் மட்டும் ஓரத்தில் ஒரு சின்னக் கடி இருந்தது. பல் பதிந்த தடம் தெரிந்தது. அடுக்களைத் தரையில் உட்கார்ந்து நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு கடியால் ஒரு பெண் பிழைத்துவிடாது. எனக்குத் தெரியும். ஆச்சியிடம் பேசி வெள்ளிக்கிழமைப் பயணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறேன், எவ்வளவு நாளைக்கு என்று தெரியாது. டாக்டர் சொன்ன குழாய் இன்னும் எங்கள் தலைக்கு மேல்தான் தொங்குகிறது. திங்கட்கிழமை உமையாள் பள்ளிக்குப் போகிறது. மதியம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தொற என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அவரோடு வேலை பார்த்தவர்களே, நான் கேட்க வந்தது இதுதான். நான் அங்கே போய்விட்டு வரும் வரைக்கும் என்னுடைய மதிய வகுப்பை முறை வைத்து யாராவது பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு முதல்வரிடம் புகார் சொன்னவர்கள் முதலில் வந்து பெயர் கொடுத்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி.

தேனப்பன் சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு விசிறியும் ஒரு சொல்லும்தான். காலையில் சோற்றைப் பரப்பி விசிறும்போது வேலைக்கு நேரமாகிறதே என்று கை பரபரக்கிறது. ஆனாலும் ஆறுகிற வரைக்கும் மூடுவதில்லை. பிறகு துணியை விரித்து, உமையாள் கட்டி அனுப்பிய முடிச்சை ஞாபகத்தில் வைத்துக் கட்டுகிறேன். காதுகள் இன்னும் நிற்கவில்லை, ஒன்று சாய்ந்துவிடுகிறது. அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டுகிறேன்.